பொடி மருந்தும் செவிலியர் கணக்கும்

மருத்துவமனையில் ஒரு நாளேனும் தங்கியிருந்தவர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். செவிலியர் ஒருவர் சிறு கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார். அதன் மேல் கட்டைவிரல் பருமனுள்ள கண்ணாடிக் குப்பிகள் இருக்கின்றன. குப்பியின் அடியில் சிறிதளவு வெண்பொடி. வாயில் இரப்பர் மூடி. அவர் ஊசிக்குழலில் நீரை எடுத்துக் குப்பிக்குள் செலுத்துகிறார். உள்ளங்கைகளுக்கிடையே வைத்து மெல்ல உருட்டுகிறார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கிறார். கரைந்த மருந்தில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு நோயாளியிடம் வருகிறார். எல்லாம் இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்துவிடுகிறது.

பார்ப்பவர்களுக்கு இது சர்பத் கலக்குவதைப் போன்ற எளிய வேலையாகத் தோன்றும். உண்மையில் அந்த இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் ஒரு கணக்கும், ஒரு வேதியியற் பாடமும், ஓர் உயிரைக் காக்கும் பொறுப்பும் அடங்கியிருக்கின்றன. மாணவ மாணவியராகிய உங்களோடு நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் அதுதான். நீங்கள் பள்ளியில் படித்த நேர்விகிதக் கணக்கு உயிர் காக்கும் இடத்தில் எவ்வாறு நிற்கிறது என்பதைப் பார்ப்போம்.

முதலில் எழும் கேள்வி இது: மருந்தைப் பொடியாக ஏன் வைக்கவேண்டும்? கரைத்தே குப்பியில் அடைத்து அனுப்பிவிட்டால் செவிலியருக்கும் வேலை மிச்சம், பிழைக்கும் இடமில்லையே என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு விடை காணப் பெனிசிலின் பிறந்த கதையைச் சற்றே நினைவுகூர்வோம்.

1928ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் அலெக்சாண்டர் பிளெமிங் என்னும் அறிஞர், தம் ஆய்வுத் தட்டில் தற்செயலாக வளர்ந்த ஒரு பூஞ்சணம் தன்னைச் சுற்றியிருந்த கிருமிகளை அழித்திருப்பதைக் கண்டார். அதிலிருந்து கசிந்த பொருளுக்குப் பெனிசிலின் என்று பெயரிட்டார். ஆனால் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து வைத்துக்கொள்வது அரும்பாடாக இருந்தது. நீரில் கரைந்த நிலையில் அது விரைவில் ஆற்றலை இழந்துவிட்டது. பத்தாண்டுகளுக்குப் பின்னர் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் புளோரி, செயின், ஹீட்லி முதலிய அறிஞர்கள் அதைத் தூய்மைப்படுத்தி, நீரை நீக்கி, உலர்ந்த பொடியாக்கினார்கள். பொடியான பின்னரே பெனிசிலின் நிலைத்து நின்றது.

1941ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்னும் காவலர் ஒருவருக்கு அந்தப் பொடி கரைத்துச் செலுத்தப்பட்டது. கிருமித் தொற்றினால் சாகும் நிலையில் இருந்த அவர் சில நாட்களில் எழுந்து உண்ணத் தொடங்கினார். ஆனால் மருந்து போதவில்லை. அவருடைய சிறுநீரில் வெளியேறிய பெனிசிலினைக்கூட மீண்டும் பிரித்தெடுத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். இறுதியில் மருந்து முற்றும் தீர்ந்துபோகவே நோய் திரும்பியது. மார்ச்சுத் திங்களில் அவர் இறந்தார். பொடியின் ஒவ்வொரு துகளும் எவ்வளவு மதிப்புடையது என்பதை உலகம் அன்று அறிந்தது. 1945இல் பிளெமிங், புளோரி, செயின் மூவரும் நோபல் பரிசு பெற்றார்கள். நம் நாட்டில் புனேக்கு அருகில் பிம்ப்ரியில் 1954இல் அரசினரின் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனம் தோன்றி, இந்தப் பொடியை இங்கேயே ஆக்கத் தொடங்கியது.

நீரில் கரைந்ததும் பெனிசிலின் ஏன் கெடுகிறது? அதன் மூலக்கூற்றில் நான்கு அணுக்கள் சேர்ந்த ஒரு சதுர வளையம் இருக்கிறது. வலிந்து வளைத்துக் கட்டிய மூங்கிலைப் போல அந்த வளையம் எப்போதும் இறுக்கத்திலேயே நிற்கிறது. கிருமியைக் கொல்லும் ஆற்றல் அந்த இறுக்கத்தில்தான் இருக்கிறது. நீரின் மூலக்கூறு அந்த வளையத்தைத் தாக்கிப் பிளந்துவிட்டால் ஆற்றல் போய்விடுகிறது. ஆகவே, நீர் இல்லாத பொடியாக இருக்கும்வரை மருந்து உறங்குகிறது. நீர் பட்டதும் விழித்துக்கொள்கிறது. விழித்த கணத்திலிருந்தே அதன் ஆயுளும் தேயத் தொடங்குகிறது.

வேறு சில மருந்துகளை வெப்பங்காட்டி உலர்த்த இயலாது. வெயிலில் வற்றல் போடுவதுபோல் அவற்றை உலர்த்தினால் வெப்பத்தினாலேயே கெட்டுப்போகும். அவற்றை முதலில் பனிக்கட்டியாக உறையவைத்து, பின்பு காற்றை நீக்கிய அறையில் வைக்கிறார்கள். அங்கே பனிக்கட்டி உருகி நீராகாமலே நேரே ஆவியாகிப் போய்விடுகிறது. எஞ்சுவது பஞ்சு போன்ற பொடி. தட்டம்மைத் தடுப்பூசி இவ்வாறு உறையவைத்து உலர்த்தியதுதான்.

இனிக் கணக்குக்கு வருவோம். பெனிசிலினை நிறுக்கும் அலகு நம் நாட்டில் பெரும்பாலும் யூனிட் ஆகும். தொடக்கக் காலத்தில் பொடி தூய்மையாக இல்லை. எடை ஒன்றாக இருப்பினும் ஆற்றல் வேறுபட்டது. ஆகவே எடையை நம்பாமல், கிருமியை அழிக்கும் ஆற்றலையே அளவாகக் கொண்டார்கள். இன்று தூய பெனிசிலினில் 10 லட்சம் யூனிட் என்பது ஏறத்தாழ 600 மில்லிகிராம் எடையுள்ளது.

நான்கு கிலோ எடையுள்ள ஒரு குழந்தைக்கு, கிலோ ஒன்றுக்கு 50,000 யூனிட் வீதம் பெனிசிலின் கொடுக்குமாறு மருத்துவர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நான்கை 50,000ஆல் பெருக்கினால் 2 லட்சம் யூனிட். நம் கையிலுள்ள குப்பியில் 10 லட்சம் யூனிட் இருக்கிறது. ஆக, குப்பியில் ஐந்தில் ஒரு பங்கு வேண்டும். பொடியை ஐந்து கூறாகப் பிரிப்பது எப்படி? கரைத்துவிட்டால் பிரிப்பது எளிது. பொடி முழுவதும் 2 மில்லி லிட்டர் கரைசலாக ஆகுமாறு கரைத்தால், ஒரு மில்லி லிட்டரில் 5 லட்சம் யூனிட் இருக்கும். குழந்தைக்கு வேண்டிய 2 லட்சம் யூனிட் 0.4 மில்லி லிட்டரில் கிடைக்கும்.

இதையே ஒரு விதியாகச் சொல்லலாம். வேண்டிய அளவைக் குப்பியிலுள்ள அளவால் வகுத்து, வந்த ஈவைக் கரைசலின் கொள்ளளவால் பெருக்கவேண்டும். 2 லட்சத்தை 10 லட்சத்தால் வகுத்தால் 0.2; அதை 2ஆல் பெருக்கினால் 0.4. இவ்வளவே கணக்கு.

ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. 2 மில்லி லிட்டர் கரைசல் வேண்டுமாயின் எவ்வளவு நீர் ஊற்றவேண்டும்? "இதிலென்ன ஐயம், 2 மில்லி லிட்டர்தான்" என்று சொல்லத் தோன்றும். அப்படிச் சொன்னால் பிழை. டம்ளர் நிறையப் பாலை வைத்துக்கொண்டு அதில் நான்கு கரண்டி சர்க்கரையைக் கொட்டிப் பாருங்கள், பால் வழியும். சர்க்கரை கரைந்து கண்ணுக்கு மறைந்தாலும் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளத்தான் செய்கிறது. மருந்துப் பொடியும் அப்படியே. 600 மில்லிகிராம் பெனிசிலின் கரைந்த பின்னும் ஏறத்தாழ 0.4 மில்லி லிட்டர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே 1.6 மில்லி லிட்டர் நீர் ஊற்றினால்தான் மொத்தக் கரைசல் 2 மில்லி லிட்டர் ஆகும்.

இதை அறியாமல் 2 மில்லி லிட்டர் நீரை ஊற்றினால் என்ன ஆகும்? கரைசல் 2.4 மில்லி லிட்டர் ஆகிவிடும். அதிலிருந்து 0.4 மில்லி லிட்டர் எடுத்தால் குழந்தைக்குக் கிடைப்பது 2 லட்சம் யூனிட் அன்று. சுமார் 1,67,000 யூனிட்தான். ஆறில் ஒரு பங்கு குறைந்துபோகிறது. குப்பி முழுவதையும் ஒருவருக்கே கொடுப்பதாயின் இந்த வேறுபாட்டினால் தீங்கில்லை. எவ்வளவு நீர் ஊற்றினாலும் முழுப் பொடியும் உள்ளே போய்விடுகிறது அல்லவா? குப்பியில் ஒரு பகுதியை மட்டும் எடுக்கும்போதுதான், அதாவது பெரும்பாலும் குழந்தைகளுக்குத்தான், இந்தப் பிழை நேர்கிறது. எவ்வளவு நீர் ஊற்றவேண்டும், ஊற்றினால் செறிவு எவ்வளவு ஆகும் என்பதை மருந்தோடு வரும் அச்சுத்தாள் கூறும். மருந்துக்கு மருந்தும், சிலபோது நிறுவனத்துக்கு நிறுவனமும் இந்த அளவு மாறும். ஆதலின் நினைவை நம்பாமல் தாளைப் படித்தே கரைக்கவேண்டும்.

நான் பயிற்சி மாணவியாக இருந்த காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இரவுப் பணி; குழந்தைகள் பகுதி. நான் மேலே சொன்ன அதே கணக்குத்தான். தாளில் எழுதாமல் மனத்திலேயே போட்டேன். 0.4 என்று வரவேண்டியது 4 என்று மனத்தில் நின்றது. ஒரு குப்பியில் 2 மில்லி லிட்டர்தானே இருக்கிறது, ஆகவே இரண்டாவது குப்பியையும் எடுத்துக் கரைத்தேன். ஊசிக்குழலை நிரப்பிக்கொண்டிருந்தபோது மூத்த செவிலியர் வந்து பின்னால் நின்றார்.

"எத்தனை குப்பி கரைத்திருக்கிறாய், அம்மா?" என்று கேட்டார்.

"இரண்டு, சிஸ்டர்."

"குழந்தையின் எடை?"

"நான்கு கிலோ."

"ஒரு குப்பியை வளர்ந்தவர்களுக்கே ஒரு வேளைக்குக் கொடுக்கிறோம். கையளவு குழந்தைக்கு இரண்டு குப்பியா?"

அப்போதுதான் என் கை நடுங்கத் தொடங்கியது. பத்து மடங்கு மருந்தை எடுத்து வைத்திருந்தேன். பெனிசிலின் மிகுந்த தீங்கற்ற மருந்து என்றுதான் சொல்வார்கள். ஆனால் அளவுக்கு மிஞ்சினால் அது மூளையைத் தாக்கி வலிப்பை உண்டாக்கக்கூடும். சிஸ்டர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. இரண்டு குப்பிகளையும் அப்புறப்படுத்தச் செய்தார். ஒரு தாளையும் பென்சிலையும் என் கையில் கொடுத்து, "எழுதிப் போடாத கணக்கு ஊசிக்குழலுக்குள் போகக்கூடாது" என்று மட்டும் சொன்னார். நான் எழுதிப் போட்டேன். அவர் என் தாளைப் பாராமல் வேறொரு தாளில் தாமே தனியாகப் போட்டார். இரண்டு விடையும் ஒன்றான பின்னரே குழந்தைக்கு மருந்து சென்றது. பல ஆண்டுகள் மாணவியருக்குப் பாடம் சொன்ன பின்னும், இதைவிட நல்ல பாடம் ஒன்றை நான் சொல்லிக் கொடுத்ததில்லை.

அந்த நிகழ்ச்சியில் மூன்று விதிகள் அடங்கியிருக்கின்றன. முதலாவது, கணக்கைத் தொடங்குமுன் விடை எந்த அளவில் வரும் என்று மதிப்பிட வேண்டும். குப்பியில் ஐந்தில் ஒரு பங்கு வேண்டும் என்று முதலிலேயே எண்ணியிருந்தால், இரண்டாவது குப்பியை என் கை தொட்டிருக்காது. ஒரு சிறு குழந்தைக்கு ஒரு குப்பிக்கு மேல் வேண்டியிருக்கிறது என்று கணக்குச் சொன்னால் அங்கேயே நின்று மீண்டும் பார்க்கவேண்டும்.

இரண்டாவது, புள்ளியைக் காக்கவேண்டும். அரை மில்லி லிட்டரைப் புள்ளிக்கு முன் சுழி போட்டு 0.5 என்றே எழுதவேண்டும். சுழியை விட்டுப் புள்ளியோடு 5 என்று எழுதினால், புள்ளி மங்கியபோது அது ஐந்தாகிவிடும். அதுபோலவே ஐந்தை 5.0 என்று எழுதக்கூடாது. புள்ளி தெரியாவிட்டால் அது ஐம்பதாகிவிடும். யூனிட் என்னும் சொல்லையும் முழுமையாக எழுதவேண்டும். அதன் ஆங்கில முதலெழுத்தை மட்டும் எண்ணுக்குப் பின்னால் எழுதினால், அவசரத்தில் படிப்பவர் அதைச் சுழியாகக் கொண்டு பத்து மடங்கு கொடுத்துவிடக்கூடும்.

மூன்றாவது, இரண்டாமவர் தனியே கணக்கிடவேண்டும். முன்னவர் போட்ட கணக்கைப் பார்த்துத் தலையசைப்பது சரிபார்த்தல் ஆகாது. ஒருவருடைய பிழையின் தடத்திலேயே மற்றவருடைய மனமும் சென்றுவிடும். இருவரும் தனித்தனியே நடந்து ஓரிடத்தில் சந்தித்தால்தான் வழி சரி என்று கொள்ளலாம்.

இன்னொரு மருந்தைப் பார்ப்போம். செப்ட்ரையாக்ஸோன் என்பது இன்று மருத்துவமனைகளில் மிகுதியாக வழங்கும் பொடி மருந்து. அதன் ஒரு கிராம் குப்பியைத் தசையில் ஊசி போடுவதற்கும் கரைக்கலாம். சிரைக்குள் செலுத்துவதற்கும் கரைக்கலாம். தசைக்காக 3.6 மில்லி லிட்டர் ஊற்றினால் மொத்தம் 4 மில்லி லிட்டர் ஆகும். ஒரு மில்லி லிட்டரில் 250 மில்லிகிராம் இருக்கும். சிரைக்காக 9.6 மில்லி லிட்டர் ஊற்றினால் மொத்தம் 10 மில்லி லிட்டர் ஆகும். ஒரு மில்லி லிட்டரில் 100 மில்லிகிராம் இருக்கும். குப்பி ஒன்றே, பொடி ஒன்றே, கரைசலோ இரண்டு வகை.

காலையில் ஒருவர் தசைக்காகக் கரைத்து, குப்பியின் மேல் ஒன்றும் எழுதாமல் வைத்துவிட்டுப் போகிறார் என்று கொள்வோம். அடுத்து வருபவர் அதைச் சிரைக்கான கரைசல் என்று எண்ணுகிறார். குழந்தைக்கு வேண்டியது 300 மில்லிகிராம். ஆகவே 3 மில்லி லிட்டர் எடுக்கிறார். உண்மையில் அதில் இருப்பது 750 மில்லிகிராம், அதாவது இரண்டரை மடங்கு. இதிலும் கொடிய ஆபத்து ஒன்று உண்டு. தசையில் போடும்போது வலி தெரியாதிருக்க, சிலபோது நீருக்குப் பதிலாக லிக்னோகெய்ன் என்னும் மரமரப்பு மருந்தில் இதைக் கரைப்பார்கள். அந்தக் கரைசலைச் சிரைக்குள் செலுத்தவே கூடாது. ஆகவே கரைத்த கணமே குப்பியின் மேல் ஒட்டுத்தாளில் மருந்தின் பெயர், எதில் கரைத்தது, ஒரு மில்லி லிட்டரில் எவ்வளவு, கரைத்த நாளும் நேரமும், கரைத்தவர் பெயர் ஆகியவற்றை எழுதவேண்டும். பெயர் எழுதாத குப்பி யாருக்கும் உரியதன்று. அது குப்பைக்கே உரியது.

இதே மருந்தைக் கால்சியம் கலந்த ரிங்கர் கரைசலோடு சேர்க்கக் கூடாது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். கால்சியத்தோடு கூடினால் அது சுண்ணாம்புத் துகள்போல் படிந்துவிடுகிறது. பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகளின் நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் இவ்வாறு படிந்து உயிர் போனதுண்டு. எந்தப் பொடியை எந்த நீரில் கரைப்பது என்பது வெறும் வசதியைப் பற்றிய செய்தியன்று என்பது இதனால் விளங்கும்.

இனிக் கரைக்கும் முறையை வரிசையாகக் காண்போம். முதலில் மருத்துவரின் குறிப்பையும், குப்பியின் மேலுள்ள பெயரையும், அளவையும், காலாவதி நாளையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். நோயாளிக்கு அந்த மருந்து முன்பு ஒவ்வாமை உண்டாக்கியதா என்று கேட்டறிய வேண்டும். கைகளைச் சோப்பிட்டுக் கழுவவேண்டும். குப்பியின் இரப்பர் மூடியை ஸ்பிரிட் பஞ்சினால் துடைத்து, அது தானாகவே உலரும்வரை காத்திருக்கவேண்டும். ஈரம் உலரும்போதுதான் கிருமிகள் மடிகின்றன. பிறகு புதிய ஊசிக்குழலில் கரைப்பதற்குரிய நீரைக் கணக்காக எடுத்து, குப்பியின் சுவர் வழியே மெல்லச் செலுத்தவேண்டும். மூடிய குப்பிக்குள் நீர் புகுந்தால் உள்ளேயிருக்கும் காற்று நெருக்கப்படும். நீர் புகுந்த அளவுக்குக் காற்றை ஊசிக்குழலுக்குள் திரும்ப ஏற்றுக்கொண்டால் அழுத்தம் சமமாகும். ஊசியை எடுக்கும்போது மருந்து பீறிட்டு வெளியே வராது.

அதன் பின்னர் குப்பியை உருட்டிக் கரைக்கவேண்டும். மோர் கடைவதுபோலக் குலுக்கினால் நுரை எழும். நுரை அளவைப் பொய்யாக்கும். புரதத்தாலான மருந்துகளாயின் குலுக்கலினாலேயே கெடவும் கூடும். முற்றும் கரைந்ததா, துகள் மிதக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். கரையாத துகளிருந்தால் அதைச் செலுத்தலாகாது. இறுதியாக, எடுக்கவேண்டிய அளவுக்கு ஏற்ற ஊசிக்குழலைத் தேர்ந்துகொள்ளவேண்டும். 0.4 மில்லி லிட்டரைப் பத்து மில்லி லிட்டர் குழலில் அளப்பது, பொன்னை மூட்டைத் தராசில் நிறுப்பதை ஒக்கும். ஒரு மில்லி லிட்டர் குழலிலேயே அதை அளக்கவேண்டும்.

இவ்வளவு விதிகளும் எதற்கு என்று சிலர் சலித்துக்கொள்ளலாம். அவர்களுக்காக ஒரு துயர நிகழ்ச்சியைச் சொல்கிறேன். பசிபிக் பெருங்கடலில் சமோவா என்னும் தீவு நாடு இருக்கிறது. 2018ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அங்கே இரண்டு கைக்குழந்தைகளுக்குத் தட்டம்மை முதலிய நோய்களுக்கான தடுப்பூசி போடப்பட்டது. அந்தத் தடுப்பூசிப் பொடியை அதற்குரிய நீரில் கரைப்பதற்குப் பதிலாக, அறுவை மருத்துவத்தில் தசைகளைத் தளரச் செய்யும் ஒரு மருந்தில் தவறிக் கரைத்துவிட்டார்கள். அந்த மருந்து மூச்சுவிடும் தசைகளையும் அசையவொட்டாமல் செய்வது. இரு குழந்தைகளும் இறந்தன. இரு செவிலியர் 2019இல் ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றனர்.

துயரம் அத்தோடு முடியவில்லை. குழந்தைகள் இறந்ததும் அரசினர் தடுப்பூசியைப் பல மாதங்கள் நிறுத்திவைத்தார்கள். தடுப்பூசியில் குற்றமில்லை, கரைத்த நீரில்தான் குற்றம் என்று தெரிந்த பின்னும் மக்கள் மனத்தில் அச்சம் தங்கிவிட்டது. 2019ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தட்டம்மை அத்தீவில் பரவியது. சுமார் 2 லட்சம் மக்களே வாழும் அந்த நாட்டில் 83 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். ஒரு சிறு குப்பி நீரை எடுக்குமுன் அதன் மேலுள்ள பெயரைப் படிக்கத் தவறியது ஒரு நாட்டையே அழவைத்துவிட்டது.

தெற்குச் சூடானில் 2017இல் நேர்ந்தது வேறு வகை. தடுப்பூசியும் நீரும் சரியானவையே. ஆனால் பொடியைக் கரைப்பதற்கு ஒரே ஊசிக்குழலை நான்கு நாட்களும் பயன்படுத்தினார்கள். மருந்தைக் குளிரில் வைக்கவும் இல்லை. கிருமி புகுந்து 15 குழந்தைகள் இறந்தன. கரைத்த தட்டம்மைத் தடுப்பூசியில் கிருமியைத் தடுக்கும் பொருள் எதுவும் சேர்ப்பதில்லை. ஆகவேதான் நம் நாட்டில் அதைக் கரைத்த 4 மணி நேரத்துக்குள் பயன்படுத்தவேண்டும், மிஞ்சியதைக் கொட்டிவிடவேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். மிஞ்சிய மருந்தைக் கொட்டுவதற்கு மனம் வராமலிருப்பது இயல்பே. ஆனால் இங்கே சிக்கனம் என்பது கொலைக்கு நெருங்கிய உறவு.

நான் இதுவரை சொன்னது செவிலியருக்கு மட்டும் உரியதன்று. உங்கள் வீட்டிலும் பொடி மருந்து வருகிறது. குழந்தைக்குச் சளிக்காய்ச்சல் கண்டால் மருத்துவர் எழுதிக் கொடுக்கும் கிருமிக்கொல்லி, உலர்ந்த பொடியாகப் பாட்டிலில் வரக் காண்கிறீர்கள். அதில் "இத்தனை மில்லி லிட்டர் நீர் ஊற்றுக" என்று சொல்வதைவிடப் பாட்டிலில் ஒரு கோடு கிழித்து, "இந்தக் கோடுவரை நீர் ஊற்றுக" என்று சொல்வதே பெரும்பாலும் வழக்கம். ஏன் என்று இப்போது உங்களுக்கே விளங்கும். பொடி பிடித்துக்கொள்ளும் இடத்தையும் கணக்கிட்டே அந்தக் கோட்டைக் கிழித்திருக்கிறார்கள். பாட்டிலைத் தட்டிப் பொடியை உதிர்த்துவிட்டு, கொதித்து ஆறிய நீரைப் பாதி ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கியபின் கோடுவரை நிரப்பி மீண்டும் குலுக்கவேண்டும். கொடுக்கும் ஒவ்வொரு முறையும் குலுக்கவேண்டும். அடுக்களைக் கரண்டிகள் ஒன்றுபோல் ஒன்று இரா. ஆதலால் மருந்தோடு வரும் அளவுக் கிண்ணத்தையே பயன்படுத்துங்கள். பாட்டிலில் குறித்த நாட்கள் கழிந்தபின், மிஞ்சியதை அடுத்த காய்ச்சலுக்கு என்று எடுத்து வைக்காதீர்கள்.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைப் பொடியும் இத்தகையதே. 1971இல் வங்க எல்லையில் போங்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, சிரை வழியே ஏற்றும் நீர் தீர்ந்துபோயிற்று. அப்போது டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுகோசும் பொட்டலம் கட்டச் செய்து, நீரில் கரைத்து வாய்வழியே கொடுக்க ஏற்பாடு செய்தார். நூற்றுக்கு 30 அளவில் இருந்த சாவு 4க்கும் கீழே இறங்கியது. தாய்மாரும் உறவினருமே அந்த நீரை ஊட்டினார்கள். இன்று கடைகளில் கிடைக்கும் பெரிய பொட்டலத்தில் 20.5 கிராம் பொடி இருக்கிறது. அது முழுவதையும் ஒரு லிட்டர் நீரில்தான் கரைக்கவேண்டும். "சிறு குழந்தைதானே" என்று எண்ணி முழுப் பொட்டலத்தையும் ஒரு டம்ளர் நீரில் கரைத்துக் கொடுத்தால், உடலில் உப்பு மிகுந்து குழந்தைக்குப் பெருந்தீங்கு விளையும். கரைத்த நீரை 24 மணி நேரத்துக்குமேல் வைக்கலாகாது. பொட்டலத்தைப் பிரிக்குமுன் அதில் எழுதியிருக்கும் நீரின் அளவைப் படிப்பது உங்கள் கடமை. வீட்டில் படித்தவர் நீங்கள்தானே?

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்துக்கு நான்கு கூறுகளைச் சொல்கிறார். நோயுற்றவர், மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, உடனிருந்து மருந்தைக் கொடுப்பவரையும் அவர் சேர்த்து எண்ணுகிறார். மருத்துவர் நோயை அறிந்து எழுதுகிறார். தொழிற்சாலை மருந்தைச் செய்து அனுப்புகிறது. நோயாளி நம்பிக் கை நீட்டுகிறார். இந்த மூன்றும் செம்மையாக இருந்தும், நான்காமவர் ஒரு புள்ளியை இடம் மாற்றிவிட்டால் எல்லாம் வீணாகிவிடும்.

உங்களுள் சிலர் நாளை அந்த நான்காமவராக நிற்கப்போகிறீர்கள். அன்று குப்பியைக் கையில் எடுக்குமுன் ஒரு தாளையும் பென்சிலையும் எடுங்கள். பக்கத்தில் இருப்பவரை அழைத்து, "நீங்களும் ஒரு முறை தனியாகப் போட்டுப் பாருங்கள்" என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது அறியாமையின் அடையாளம் அன்று. நான்கு கிலோ எடையுள்ள ஓர் உயிர் நம்மை நம்பிக் கண்ணுறங்குகிறது என்பதை மறவாதவரே அப்படிக் கேட்பார்.